மேசை நடுவுல என்ன வைக்கிறது?

போன ஆவணியில என் தங்கச்சிக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் தாராபுரத்துல ஒரு மண்டபத்துல வரவேற்பு, மறுநாள் விடியக்காலம் முகூர்த்தம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே டெக்கரேஷன்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போனார். மேடை, வாசல் வளைவு, பேர்ப் பலகை எல்லாத்துக்கும் கீழ கடைசி வரி: 'சென்டர் பீஸ் 24, ஒண்ணு ரூ.1,200'.

"சென்டர் பீஸுன்னா என்னங்க?" என்று அப்பா அவரையே கேட்டார். அவர் போனில் ஒரு படம் காட்டினார். வட்ட மேசை, நடுவில் உயரமான கண்ணாடிக் குடுவை, மேலே வெள்ளை ரோஜா. மேசைக்கு ஒண்ணு. அப்பா மனக்கணக்குப் போட்டார். 28,800 ரூபாய். அது சாப்பிட்டு முடிக்கிற அரை மணி நேரத்துக்கு.

திண்ணையில உக்காந்திருந்த ஆத்தா (அப்பாவோட அம்மா) சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "என்ற கண்ணாலத்துக்கு மொத்தப் பந்தலுக்குமே ஒத்தப் பைசா குடுக்கலையேப்பா!"

அது உண்மையா? உண்மைன்னா அது எப்படி முடிஞ்சது? இதைத் தேடப் போய் எங்கெங்கேயோ சுத்தி வந்தேன். குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே வைக்கிறேன். கடைசியில நாங்க 24 மேசைக்கு என்ன வெச்சோம், எவ்வளவு ஆச்சுங்கிற கணக்கும் இருக்கு.

மேசைக்கு நடு எப்ப வந்தது?

முதல்ல ஒரு எளிய விஷயம். நம்ம பந்திக்கு 'நடு' கிடையாது. தரையில பந்திப்பாய் விரிச்சு வரிசையா உக்காந்தாலும் சரி, நீளமான டேபிள் போட்டு பேப்பர் ரோல் விரிச்சாலும் சரி, ஆள் உக்கார்றது ஒரு பக்கம், பரிமாறுறவர் நடக்கிறது மறு பக்கம். இலைக்கு முன்னாடி இருக்கிற இடம் சாம்பார் வாளிக்கும் ரசத்துக்கும் உரியது. அங்கே ஒரு பூக்குடுவை வெச்சா பரிமாறுறவர் திட்டுவார். அதனாலதான் நம்ம ஊர்ல ஆயிரம் வருஷமா கல்யாண அலங்காரம்னா பந்தல், வாசல், தரை, மணவறை. சாப்பாட்டு இடத்துல அலங்காரம் இலைதான். பச்சை இலையில வெள்ளைச் சோறு விழுந்தா அதுக்கு மேல வேற அலங்காரம் வேண்டியதில்லைன்னு இருந்திருக்காங்க.

ஐரோப்பாவிலும் மேசை நடுவில் பூ வைப்பது நாம நினைக்கிற அளவுக்குப் பழசில்லை. அங்கே பிரபுக்களின் விருந்தில் பல பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசை முழுக்கப் பரப்பி வைப்பார்கள். அந்தத் தட்டுகளே காட்சி. பெரிய விருந்துகளில் சர்க்கரையால் செய்த சிற்பங்களை நிறுத்துவார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் பொம்மைகள் அந்தச் சர்க்கரைச் சிற்பங்களின் இடத்தைப் பிடித்தன.

19ஆம் நூற்றாண்டில் பரிமாறும் முறை மாறியது. ரஷ்யப் பாணி என்று அதைச் சொன்னார்கள். பதார்த்தங்களை மேசையில் பரப்பாமல், வேலையாட்கள் ஒவ்வொன்றாக எடுத்து வந்து விருந்தாளிக்குப் பரிமாறும் முறை. கிட்டத்தட்ட நம்ம பந்தி மாதிரிதான். ஆனால் அங்கே மேசையின் இரண்டு பக்கமும் ஆட்கள். தட்டுகள் போய்விட்டதால் நடுவில் பெரிய வெற்றிடம் விழுந்தது. பூவும் பழமும் வந்து அதை நிரப்பின.

உடனே அடுத்த பிரச்சினை. பூங்கொத்து பெரிசானால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. 1861இல் லண்டனில் தோட்டக்கலைச் சங்கம் மேசை அலங்காரத்துக்கு ஒரு போட்டி வைத்தது. தாமஸ் மார்ச் என்பவர் அதில் பரிசு வாங்கினார். அவர் செய்தது சிக்கலான ஒன்றல்ல. கீழே ஒரு கண்ணாடித் தட்டு, மேலே ஒரு கண்ணாடித் தட்டு, இரண்டையும் இணைக்க மெல்லிய கண்ணாடித் தண்டு. பூ மேலேயும் கீழேயும். கண் மட்டத்தில் வெறும் தண்டு. டெக்கரேஷன்காரர் போனில் காட்டிய அந்த உயரமான குடுவையும் இதே யோசனைதான். தாராபுரத்துக்கு வந்து சேர நூத்தி அறுபது வருஷம் ஆகியிருக்கு!

நம்ம மண்டபங்களுக்கு வட்ட மேசை வந்தது பஃபேயோடு. வட்ட மேசை வந்ததும் நடுவும் வந்துவிட்டது. நடு காலியா இருந்தா ஏதோ குறையா இருக்கிற மாதிரி நமக்கும் தோண ஆரம்பிச்சிருச்சு. ஆக, 1,200 ரூபாய் கேட்கிற அந்தப் பொருள் ஒரு வெற்றிடத்தை அடைக்கிற பொருள். இது தெரிஞ்சதும் எனக்குப் பாதி பயம் போயிருச்சு. அடைக்கிறதுக்கு ரோஜாதான் வேணும்னு இல்லையே.

மணலும் விளக்கும்

சரி, நம்ம பழைய கல்யாண அலங்காரத்துல என்ன இருந்தது? அகநானூற்றில் இரண்டு பாட்டுகள் கல்யாண வீட்டை நேரடியாகக் காட்டுகின்றன. 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. 136ஆம் பாட்டு விற்றூற்று மூதெயினனார் பாடியது. 86இல் வரும் அலங்காரப் பட்டியல் மிகச் சின்னது. கால் நட்டுப் போட்ட பெரிய பந்தல், அதில் கொண்டுவந்து பரப்பிய மணல், வீட்டில் ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள். விருந்து உளுந்தம்பருப்புப் பொங்கல். பணம் கொடுத்து வாங்கியதாகச் சொல்லும்படி ஒரு பொருள்கூட அதில் இல்லை.

அப்படியே சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கோவலன் கண்ணகி கல்யாணம். புகார் நகரத்துப் பெருவணிகர் வீடு. மணி பதித்த தூண், நீல விதானம், முத்துப் பந்தல். இன்றைக்கு டெக்கரேஷன்காரர் காட்டும் ஆல்பத்தின் முதல் பக்கம் மாதிரி. ஆக, எளிய பந்தல், ஆடம்பரப் பந்தல் ரெண்டும் நம்மகிட்ட ரொம்பக் காலமா இருக்கு. 'அந்தக் காலத்துல எல்லாரும் எளிமையா இருந்தாங்க'ங்கிற பேச்சை நம்ப வேண்டியதில்லை. முத்து வாங்க முடிஞ்சவன் முத்து கட்டியிருக்கான்.

ஆனால் அந்த முத்துப் பந்தலுக்குள்ளேயும் ஒரு பொருள் வருது. வாழ்த்த வரும் பெண்கள் கையில் ஏந்தி வரும் பாலிகை. தானியத்தை முளைக்க வெச்ச சின்ன மண்பாண்டம். எங்க ஆத்தா காலத்துக் கொங்குக் கல்யாணத்துலயும் முளைப்பாலிகை போடுற சீர் உண்டு. மாரியம்மன் நோம்பிக்கு எடுக்கிற முளைப்பாரியும் இதே குடும்பம்தான். விதைப்புக்கு முன்னாடி எந்த விதை நல்லா முளைக்குதுன்னு பார்க்கிற பழக்கத்துல இருந்து இது வந்திருக்கலாம்னு சொல்றவங்க உண்டு. எது எப்படியோ, மணி பதிச்ச தூண் இருக்கிற வீட்டுக்கும் மண் சுவர் வீட்டுக்கும் பொதுவா இருந்த அலங்காரம் இது ஒண்ணுதான். ஒரு கை தானியம், ஒரு சட்டி, கொஞ்சம் தண்ணி, ஒரு வாரம் பொறுமை.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரிதான் மேசை நடுவுல என்ன வைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். அதைப் பத்திப் பிறகு. முதல்ல ஆத்தாவோட ஒத்தப் பைசா.

ஒத்தப் பைசா இல்லாத பந்தல்

எங்க வீடு பண்ணயம் பார்த்த வீடு. ஆத்தா கல்யாணம் வீட்டு வாசல்லயே நடந்திருக்கு. அவர் நினைவில் இருக்கும் அலங்காரத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். தென்னங்கீத்துப் பந்தல். வாசலில் குலை தள்ளின வாழைமரம் ரெண்டு. ஈச்சங்குலை, தென்னம்பாளை, செவ்விளநீர்க் குலை. தென்னங்குருத்தில் கிளி, சுருள், கொத்துக் கொத்தாகப் பின்னின தோரணம். (குருவித் தலை நிமிர்ந்திருந்தால் மங்கலம், கவிழ்ந்திருந்தால் இழவு என்று தோரணத்தில்கூட ஒரு இலக்கணம் பல ஊர்களில் உண்டு.) பந்தலுக்கு உள்ளே, கீத்து தெரியாதபடி மேலே கட்டின வெள்ளைத் துணி. மாப்பிள்ளை பொண்ணு நடக்கிற வழியில் நடைபாவாடை. அடுக்கிய மண்பானைகள். மாலைகள். ராத்திரிக்குத் தீவட்டி.

அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் நேரா 'யார் செஞ்சாங்க?'ன்னு எழுத ஆரம்பிச்சேன். இங்கேதான் கட்டுரை வேற பக்கம் திரும்பிருச்சு.

முகூர்த்தக்கால், மணப்பலகை: ஆசாரி. பானைகள்: மண்ணுடையார். மாலை: பண்டாரம். மேலே கட்டின துணி, நடைபாவாடை, தீவட்டி: வண்ணார். மாப்பிள்ளைக்கு முகச்சவரம், மங்கல வாழ்த்துப் பாடுவது (கம்பர் பாடியது என்று மரபாகச் சொல்லும் வாழ்த்து): நாவிதர், கொங்கு வழக்கில் குடிமகன். மேளம் அடிக்கிறவங்க வேற. இவங்க யாருக்கும் அன்னிக்குக் 'கூலி'ன்னு பேசிக் குடுக்கலை. அரிசி, தேங்காய், வெத்தலை பாக்கு, சம்பிரதாயத்துக்கு ஏதோ ஒரு காசு. மத்தபடி வருஷத்துக்கு ஒருக்கா களத்து மேட்டுல குடுக்கிற தவசம். அந்தத் தவசத்துக்கு ஈடா வருஷம் பூரா வேலை. கல்யாணம் அதுல ஒரு பகுதி.

கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். கொங்குச் சமூகம் பற்றிய அவருடைய புத்தகம் 1972இல் வந்தது. எந்தச் சாதி எந்தச் சாதிக்கு எந்த வேலை செய்தது, சடங்கில் யாருக்கு எந்த இடம் என்பதை அதில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தாராபுரத்துக்காரங்க படிச்சா சொந்த ஊரைப் படிக்கிற மாதிரி இருக்கும். ஆத்தா சொல்லச் சொல்ல நான் எழுதின பட்டியல் அந்தப் புத்தகம் விவரிக்கும் உலகத்தின் ஒரு சின்ன துண்டு.

எங்க தெருமுனையில இஸ்திரிக் கடை வெச்சிருக்கிற ஐயா ஒருத்தர் இருக்கார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். அவரோட அப்பாதான் எங்க ஊர்ப் பக்கம் கல்யாணங்களுக்குத் துணி கட்டினவர். துணிமணி தேய்க்கக் குடுக்கப் போனப்ப ஆத்தா சொன்னதை அவர்கிட்டச் சொன்னேன். சிரிச்சார்.

"ஆத்தா சொல்றது நெசந்தானுங்க தம்பி. அவிங்களுக்குச் செலவில்லைங்க. எங்கப்பனுக்கு முன்னால ரெண்டு நாள், பின்னால ரெண்டு நாள் வேலைங்க. தீவட்டிப் பொகையில அத்தனை துணியும் கருத்துப் போயிருக்கும். மறுக்கா ஆத்துக்குக் கொண்டுபோயி வெளுக்கோணும். ஒரு வேட்டி கிழிஞ்சிருந்தா அதுக்கு எங்கப்பன்தான் பதில் சொல்லோணும்."

"சாப்பாடெல்லாம்?"

"கடைசிப் பந்திங்க. பந்தலுக்கு வெளிய."

இதைச் சொல்லும்போது அவர் கை நிக்கவே இல்லை. அடுத்த சட்டையை எடுத்துத் தண்ணி தெளிச்சுட்டு இருந்தார். எனக்குத்தான் அதுக்கப்புறம் என்ன கேக்கறதுன்னு தெரியலை. எங்க தாத்தா அவரோட அப்பாவை 'வாடா போடா'ன்னுதான் கூப்பிட்டிருப்பார். அவர் தாத்தாவை 'சாமி'ன்னு கூப்பிட்டிருப்பார். அந்தப் பந்தலோட விலை அதுலயும் இருக்கு.

ஆக, ஆத்தா பொய் சொல்லலை. எங்க வீட்டுக் கணக்கு நோட்டுல பந்தலுக்கு நேரா ஒத்தப் பைசா இருந்திருக்காது. அந்தச் செலவு வேற வீடுகளோட உழைப்புல எழுதப்பட்டிருந்தது. 'அந்தக் காலத்துல எல்லாம் இயற்கையா, செலவில்லாம, ஊரே கூடிச் செய்வாங்க'ன்னு இன்னிக்குப் பகிர்றோம் இல்லையா, அதுல 'ஊரே கூடி'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். சிலர் கூடினாங்க. சிலரைக் கூப்பிட்டா வந்தே ஆகணும்.

மைதாப் பசைக் காலம்

இந்த ஏற்பாடு உடைஞ்சதுக்குப் பல காரணம் உண்டு. கூலிக்கு வேற வேலை கிடைச்சது பெரிய காரணம். எங்க பக்கம் பனியன் கம்பெனிகள் வந்த பிறகு களத்துத் தவசத்துக்குக் காத்திருக்க யாருக்கும் அவசியம் இல்லாமப் போச்சு. கொள்கையா உடைச்சவங்களும் உண்டு. 1928 மே 28இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். புரோகிதர் வேண்டாம், பல நாள் சடங்கு வேண்டாம், கடன் வாங்கி ஆடம்பரம் வேண்டாம் என்பது அதன் பேச்சு. சட்டம் இதை லேசில் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் திருத்தம் வந்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தத் திருத்தம் சொன்னது.

கல்யாண அலங்காரத்தில் இதனால் என்ன ஆனது என்பது என் சொந்த ஊகம்தான். மணவறை இருந்த இடத்தில் மேடை, நாற்காலி, மைக் வந்தன. வாழ்த்துரை வந்தது. இன்றைய வரவேற்பு மேடையில் பொதுக்கூட்ட மேடையின் சாயல் கொஞ்சம் இருக்கிறது. அதுக்கு அலங்காரம் பண்ண எந்தச் சாதிக்கும் பரம்பரை உரிமையும் இல்லை, கட்டாயமும் இல்லை. யார் வேணா செய்யலாம். அப்ப யார் செஞ்சாங்க?

மாமன் மச்சான்கள்! எங்க அப்பா அம்மா கல்யாண ஆல்பத்துல பாருங்க, மேல பூரா வண்ணக் காகிதத் தோரணம். முக்கோணமா வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, சணல் கயித்துல ஒட்டினது. முதல் நாள் ராத்திரி டீ குடிச்சுக்கிட்டே சித்தப்பாக்களும் மாமாக்களும் ஒட்டினதாம். பின்னால ஜிகினா, சீரியல் செட், தெர்மாகோல்ல வெட்டின மாப்பிள்ளை பொண்ணு பேரு. பேர் வெட்டுறதுக்குன்னே ஒவ்வொரு தெருவுலயும் கையெழுத்து நல்லா இருக்கிற ஒரு அண்ணன் இருப்பார். உங்க தெருவுலயும் இருந்திருப்பார், யோசிச்சுப் பாருங்க.

சொந்தக்காரங்க தங்கள் கையாலேயே கல்யாண அலங்காரம் செய்த காலம்னு உறுதியா சொல்லணும்னா, எங்க வீட்டு அளவுல இந்த மைதாப் பசைக் காலத்தைத்தான் சொல்வேன். அது ரொம்ப நாள் நீடிக்கலை. மண்டபம் வந்தது, மண்டபத்தோட கான்ட்ராக்ட் வந்தது. மாமன் மச்சானுக்கும் வேலைக்கு லீவு கிடைக்கலை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப் போன்றவற்றோடு சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்யாண மேசைக்குன்னே ஒரு வரி அரசாணையில் வந்தது அது.

நாங்க செஞ்சது

24 மேசைக்கு 24 பாலிகை. கெட்டுப்போனா மாத்த ஆறு சேர்த்து 30 சட்டி. வாய் அரையடிக்கும் குறைவு. சட்டி, முளை ரெண்டும் சேர்ந்து ஒரு அடியைத் தாண்டக் கூடாதுன்னு முடிவு. தாமஸ் மார்ச் சொன்ன பாடம். எதிர்ல இருக்கிற பெரியப்பா முகம் தெரியணும்.

ஒத்திகை பார்க்காம இறங்காதீங்க. நாங்க இருபது நாள் முன்னாடி நாலு சட்டி போட்டுப் பார்த்தோம். ஒண்ணு பூசணம் பிடிச்சு நாறிப்போச்சு. காத்து போகாத ரூம்ல வெச்சு, பயத்துல தண்ணியும் அதிகமா ஊத்திட்டோம். பச்சைப்பயறு மட்டும் போட்ட சட்டி எட்டாம் நாள் தலை சாஞ்சிருச்சு. கம்பு, சோளம் போட்டது புல்லு மாதிரி நேரா நின்னுது. அதனால நடுவுல பயறு, சுத்தி வர கம்பும் சோளமும். கம்பு போட்டு மூணு நாள் கழிச்சுத்தான் பயறு. அப்பத்தான் ரெண்டும் ஒரே நேரத்துல மேசைக்குத் தயாராகும்.

முறை இதுதான். தானியத்தை ஒரு ராத்திரி ஊற வெச்சு, துணியில ஒரு நாள் கட்டி வைக்கணும். சட்டிக்கு அடியில ஓட்டை. அதுக்கு மேல தேங்காய் நார், செம்மண்ணும் மக்கின சாணித் தூளும் சம பங்கு. விதையை நெருக்கமாத் தூவி மேல மெல்லிசா மண். ரெண்டு நாள் இருட்டுல. முளைப்பாரிக்கு வெளுத்த மஞ்சள் நிறம் வேணும்னு கடைசி வரைக்கும் இருட்டுலயே வைப்பாங்க. எங்களுக்குப் பச்சை வேணும். அதனால மூணாம் நாள்லேர்ந்து வெளிச்சமான நிழல். தினமும் சட்டியைத் திருப்பி வைக்கணும், இல்லைன்னா எல்லாம் ஜன்னல் பக்கமே சாஞ்சுக்கும். தண்ணி ஊத்தக் கூடாது, தெளிக்கணும்.

சட்டியைச் சுத்தி அலங்காரத்துக்குத் திருப்பூர் கைகொடுத்தது. மாமா ஒருத்தர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கட்டிங் வேஸ்ட்ல வெள்ளையும் மஞ்சளுமா நாலு கிலோ பொறுக்கிக் கொண்டுவந்தார். சிங்கிள் ஜெர்சித் துணியை அகலவாக்கில் ஒரு இஞ்ச் பட்டையா வெட்டி ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தீங்கன்னா, ஓரம் ரெண்டும் தானா உள்ள சுருண்டு கயிறு மாதிரி ஆயிரும். தைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். அந்தக் கயித்தைச் சட்டியைச் சுத்திச் சுத்திக் கட்டினா மண்ணு கறையும் தெரியாது. வீட்டுக்கு வந்த புள்ளைங்க எல்லாம் உக்காந்து இழுத்துக் குடுத்துட்டுப் போச்சு. சட்டியைச் சுத்தி மேசையில ஒரு கை உதிரிச் செண்டுமல்லி. அவ்வளவுதான்.

வரவேற்பு அன்னிக்குப் பெரியவங்க வந்து உக்காந்ததும் முதல்ல கேட்டது, "ஏனுங்க, பாலிகையைக் கொண்டாந்து சோத்து டேபிள்ல வெச்சிருக்கீங்க?" சிலருக்கு அது பிடிக்கலை. சீர் பண்ற பொருளைச் சாப்பாட்டு மேசையில வைக்கலாமான்னு ஒரு பெரியம்மா முகம் சுளிச்சாங்க. சீருக்கு வெச்சது தனி, இது தனின்னு ஆத்தா சமாதானம் சொன்னாங்க. சின்னப் பசங்க பயறு முளையைப் பிச்சுத் தின்னுட்டு இருந்தாங்க. முடியும்போது 17 சட்டியை உறவுக்காரங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. மிச்ச முளையை மறுநாள் எங்க ஆடு தின்னுச்சு.

கணக்கு

மறுநாள் ராத்திரி அப்பாகிட்ட நான் நீட்டின கணக்கு:

சட்டி 30 – ரூ.900
தானியம் – ரூ.400
பனியன் வேஸ்ட் – ரூ.160
செண்டுமல்லி – ரூ.200
குட்டியானை வாடகை – ரூ.700
மொத்தம் – ரூ.2,360

28,800 எங்கே, 2,360 எங்கே! பெருமையாத்தான் நீட்டினேன். அப்பா பார்த்துட்டு, "விரிப்பு தேச்சது எங்கடா?" என்றார்.

மண்டபத்துல குடுத்த மேசை விரிப்பு கசங்கிக் கிடந்ததால, முந்தின நாள் 24 விரிப்பையும் தெருமுனை ஐயாகிட்டத் தேய்க்கக் குடுத்திருந்தோம். விரிப்புக்கு 20 ரூபாய், 480 ரூபாய். பணத்தை அன்னிக்கே குடுத்தாச்சு. ஆனா கணக்குல எழுத எனக்குத் தோணவே இல்லை. இவ்வளவு படிச்சு, இவ்வளவு எழுதி, கடைசியில நானும் மறந்தது அதே வேலையைத்தான்.

எழுதிச் சேர்த்தேன். 2,840.

அதுக்கப்புறம் இன்னொரு வரியும் விட்டுப்போனது தெரிஞ்சது. ஒன்பது நாளும் காலையில மதியம் சாயங்காலம் 30 சட்டிக்கும் தண்ணி தெளிச்சது நானா? நான் வேலைக்குப் போயிட்டேன். அம்மாவும் அத்தையும்தான். கல்யாண வேலை அத்தனையும் தலைக்கு மேல இருக்கிறப்ப, ராத்திரி பதினோரு மணிக்குச் சட்டியைத் திருப்பி வெச்சதும் அவங்கதான். "நாமளே செஞ்சோம், செலவே இல்லை"ன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சப்ப, நான் பேசினது ஆத்தா பேசின அதே வாக்கியம். அம்மாகிட்டக் கேட்டேன். "அடுத்த தடவை நீ தெளி"ன்னாங்க.

அதனால, இந்த மாதிரி செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். முளை போடுங்க, ஓலை பின்னுங்க, காகிதம் ஒட்டுங்க, எல்லாமே நல்லா இருக்கும். ஆனா செலவுத் தாள்ல பொருளுக்கு நேரா விலை எழுதுற மாதிரி, வேலைக்கு நேரா யார், எத்தனை நாள்னு ஒரு பத்தி போட்டு எழுதுங்க. வெளியாள்னா கேட்ட கூலியைக் குடுங்க. வீட்டாள்னா வேலையைப் பிரிச்சுக்குங்க. அந்தப் பத்தியையும் சேர்த்துப் பார்த்த பிறகும் டெக்கரேஷன்காரரை விட நமக்குக் கட்டுப்படியாகுதுன்னா செய்யுங்க. எங்களுக்கு ஆச்சு. அடுத்த தையில சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம், 30 மேசை. தண்ணி தெளிக்கிற முறை எனக்கு.

இஸ்திரிக் கடை ஐயா வரவேற்புக்கு வந்திருந்தார், வீட்டம்மாவோட. முதல் பந்தி நேரத்துக்கே வந்துட்டார். ஏழாம் நம்பர் மேசை. விரிப்பு ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, "மடிப்பு நிக்கலைங்க தம்பி, துணி மட்டம்"ன்னார். அந்த மேசைச் சட்டியை அவர்தான் எடுத்துட்டுப் போனார். இப்பவும் கடை ஜன்னல்ல இருக்கு, உள்ள ஏதோ துளசி வெச்சிருக்கார்.